கனசாவா: போவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஜப்பான் போகிறோம் என்று யார் சொன்னாலும், "கனசாவாவுக்கு ரெண்டு நாள் ஒதுக்குங்க" என்பேன். அடுத்த நிமிடமே கேள்விகள் ஆரம்பிக்கும். உறவுக்காரர்கள், அலுவலக நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

கனசாவா எங்க இருக்கு? பேரே கேள்விப்பட்டதில்லையே?

ஜப்பானின் பெரிய தீவு ஹொன்ஷு. அதன் மேற்குப் பக்கம், ஜப்பான் கடலை ஒட்டி இருக்கிறது இஷிகாவா மாகாணம். அதன் தலைநகர்தான் கனசாவா. நாலரை லட்சம் பேர் வாழும் நடுத்தர ஊர். 1583-இல் மயேதா தொஷியே இங்கே கோட்டைக்குள் குடியேறினார். அதன்பின் கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகள் அவர் வம்சமே ஆண்டது. அந்தக் காலத்தில் ஒரு பிரபுவின் செல்வத்தை அரிசியில் அளந்தார்கள். ஒருவருக்கு ஓர் ஆண்டுக்குத் தேவையான அரிசி ஒரு 'கொக்கு'. மயேதாக்களின் கணக்கு பத்து லட்சம் கொக்கு. நாட்டை ஆண்ட படைத்தலைவரான தொக்குகாவா ஷோகுனை விட்டால் நாட்டிலேயே பெரிய பணக்காரர்கள் இவர்கள்தான்.

இரண்டாம் உலகப் போரில் இந்த ஊர்மேல் குண்டு விழவில்லை. சாமுராய்களின் தெருக்களும் தேநீர் விடுதித் தெருக்களும் இன்றும் நடந்து பார்க்கக் கிடைப்பது அதனால்தான்.

கியோட்டோ பார்த்தாச்சு. அப்புறம் இது எதுக்கு?

கியோட்டோ சக்கரவர்த்தியின் ஊர், கோயில்களின் ஊர். கனசாவா ஒரு பிரபுவின் ஊர், அதுவும் சந்தேகக் கண்ணுக்கு அடியிலேயே வாழ்ந்த பிரபுவின் ஊர். அத்தனை பணம் வைத்திருப்பவர் படை திரட்டினால் என்ன ஆகும் என்று ஷோகுன் அரசு எப்போதும் கவனித்துக்கொண்டே இருந்தது. அதனால் மயேதாக்கள் பணத்தைத் தேநீர்ச் சடங்கு, 'நோ' என்ற முகமூடி நாடகம், கைவினை என்று கலைகளில் கொட்டினார்கள். கோட்டைக்குள் கவசமும் ஆயுதமும் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. அது மெல்ல மெல்ல அரக்குப் பூச்சு, உலோக வேலை, மர வேலை செய்யும் இடமாக மாறியது. ஐந்தாம் பிரபு சுனானோரி காலத்தில் வெளியூர்க் கலைஞர்களை வரவழைத்து அதை நன்றாக வளர்த்தார்கள்.

அந்த மரபு அறுந்துபோகவில்லை. 2009-இல் யுனெஸ்கோ கனசாவாவைக் கைவினைக்கான படைப்பு நகரமாக அறிவித்தது. டோக்கியோவில் இருந்த தேசியக் கைவினை அருங்காட்சியகமே 2020-இல் இங்கே இடம் மாறி வந்துவிட்டது. கோயில் மட்டும் போதும் என்றால் கியோட்டோ போதும். ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றால் இங்கே வாருங்கள்.

எப்படிப் போறது? புல்லட் ரயில் உண்டா?

உண்டு. ஹொகுரிக்கு ஷின்கான்சென் 2015 மார்ச்சில் கனசாவா வரை வந்தது. டோக்கியோவிலிருந்து வேகமான ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். 2024 மார்ச்சில் அந்தப் பாதை சுருகா வரை நீண்டது. அதனால் ஒசாக்கா, கியோட்டோ பக்கமிருந்து வருபவர்கள் இப்போது சுருகாவில் இறங்கி ரயில் மாற வேண்டும். மாறும் நேரம் குறைவாக இருக்கும், பெரிய பெட்டிகளை முன்கூட்டியே கதவோரம் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாள்ல முடிக்க முடியாதா?

இடங்களை எண்ணிப் பார்த்தால் முடியும். தோட்டம், கோட்டை, சந்தை, தேநீர்த் தெரு எல்லாமே பேருந்தில் பத்து, பதினைந்து நிமிடத் தூரத்துக்குள்தான். ஆனால் அப்படிப் பார்ப்பவர்களுக்குக் கடைகள்தான் கண்ணில் படும், பட்டறைகள் படாது. இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாள் ஊருக்கு, ஒரு நாள் கைவேலைக்கு. மூன்றாம் நாள் கிடைத்தால் பேருந்தில் ஷிரகாவாகோ போய் வாருங்கள். செங்குத்தான புல் கூரை வீடுகள் உள்ள மலைக் கிராமம் அது, 1995 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

ஒன்று மறக்க வேண்டாம்: அருங்காட்சியகங்கள் பலவற்றுக்குத் திங்கள் விடுமுறை. பட்டறைகளும் கடைகளும் ஆளுக்கொரு நாள் மூடுவார்கள். நீங்கள் ஆசைப்படும் இடம் எந்த நாளில் திறந்திருக்கும் என்று பார்த்துவிட்டு, அப்புறம் ரயில் டிக்கெட் எடுங்கள்.

எந்த மாசம் நல்லது?

"சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே" என்று அந்த ஊரில் ஒரு சொலவடை உண்டு. எந்த மாதம் போனாலும் மழை வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் செர்ரிப் பூ, நவம்பரில் சிவந்த மேப்பிள் இலை. கூட்டமும் அப்போதுதான்.

என்னைக் கேட்டால் நவம்பர் முதல் வாரம் அல்லது பனி விழும் ஜனவரி, பிப்ரவரி. இந்த ஊர்ப் பனி ஈரமும் பாரமுமானது, கிளைகளை முறித்துவிடும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1-ஆம் தேதி தோட்டக்காரர்கள் கென்ரோகுஎன் தோட்டத்தின் பைன் மரங்களுக்குக் கயிறு கட்ட ஆரம்பிப்பார்கள். மரத்தின் நடுவே உயரமான கம்பத்தை நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வைக்கோல் கயிறு இறங்கும். கரசாக்கி என்ற பெரிய பைனுக்கு மட்டும் ஐந்து கம்பங்கள், சுமார் எண்ணூறு கயிறுகள். பார்ப்பதற்கு விரித்த குடையின் கம்பிகளைப் போல இருக்கும். இதன் பெயர் யுகிசுரி. உச்சியில் உட்கார்ந்திருப்பவர் கயிறுகளை ஒவ்வொன்றாகக் கீழே எறிய, கீழே நிற்பவர் அதைப் பிடித்துக் கிளையில் முடிச்சிடுவார். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அந்த வேலையைப் பார்க்க நான் இரண்டு மணி நேரம் நின்றேன். இதுவும் அந்த ஊரின் கைவினைகளில் ஒன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

தோட்டம் தோட்டம்கிறாங்க, கென்ரோகுஎன்ல அப்படி என்ன இருக்கு?

ஜப்பானின் மூன்று புகழ்பெற்ற தோட்டங்களில் இது ஒன்று. மற்ற இரண்டும் மிதோவிலும் ஒகயாமாவிலும் இருக்கின்றன. பெயருக்கு 'ஆறும் சேர்ந்த தோட்டம்' என்று பொருள்: விசாலம், தனிமை, மனித உழைப்பு, பழமை, நீர், தூரக் காட்சி. விசாலமான இடத்தில் தனிமை கிடைக்காது, நீர் தாழ்ந்த இடத்தில்தான் தேங்கும், தூரக் காட்சிக்கோ உயரம் வேண்டும். ஒன்றோடொன்று ஒத்துவராத இந்த ஆறும் இங்கே ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன என்பதுதான் அந்தப் பெயரின் பெருமை.

தோட்டம் மேட்டில் இருக்கிறது, அங்கே தண்ணீர் எப்படி வந்தது? 1632-இல் கோட்டைக்காக வெட்டிய தத்சுமி கால்வாய் சாய் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து தண்ணீரைக் கொண்டுவருகிறது. அந்த நீர்மட்ட வித்தியாசத்தை வைத்தே ஒரு நீரூற்று மோட்டார் இல்லாமல் பீய்ச்சி அடிக்கிறது. ஜப்பானின் மிகப் பழைய நீரூற்று என்று அதைச் சொல்கிறார்கள். நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்குச் சில நூறு யென்தான். அதிகாலையில் சிறிது நேரம் இலவசமாகவே விடுகிறார்கள். அப்போது போனால் கற்பாதையைப் பெருக்கும் விளக்குமாற்றுச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காது.

தங்க ரேக்குதான் கனசாவா ஸ்பெஷல்னு சொல்றாங்க. அது எப்படிச் செய்றது?

ஜப்பானில் தயாராகும் தங்க ரேக்கு கிட்டத்தட்ட முழுவதும் இந்த ஓர் ஊரில்தான் தயாராகிறது. தங்கத்தோடு துளி வெள்ளியும் செம்பும் சேர்த்து உருக்கி, உருளைகளில் கொடுத்து நாடாவாக இழுப்பார்கள். அதைத் துண்டு போட்டு, தாள்களுக்கு நடுவே அடுக்கி அடிப்பார்கள். பிறகு வெட்டி, பெரிய தாளுக்கு மாற்றி மறுபடியும் அடிப்பார்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை மெலிவிப்பது ஒரு கைவினைஞரின் வேலை. அங்கிருந்து பத்தாயிரத்தில் ஒரு பங்காக்குவது இன்னொருவரின் வேலை. இரண்டும் தனித்தனித் தொழில்கள். பத்து யென் நாணயம் அளவு தங்கம், ஓர் ஆள் படுக்கும் பாயின் அளவுக்கு விரிந்துவிடும்.

கடைசிக் கட்டத்தை அவசியம் பாருங்கள். அடித்து முடித்த ரேக்கை மூங்கில் இடுக்கியால் எடுத்து, தோல் பலகையில் கிடத்தி, நடுவில் உதட்டைக் குவித்து 'ஃபூ' என்று ஊதுவார்கள். சுருக்கமெல்லாம் நீங்கி ரேக்கு அப்படியே தட்டையாகும். மூங்கில் சட்டத்தால் நாலு பக்கமும் வெட்டினால் பதினொரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான சதுரம் கிடைக்கும். அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ரேக்கின் வழியே வரும் ஒளி பச்சையாகத் தெரியும். பக்கத்தில் நிற்பவர் தும்மினால் அன்றைய வேலை பறந்துவிடும், அதனால் அந்த அறையில் மின்விசிறி ஓடாது.

சுத்தத் தங்கமா? நம்ம கணக்குல எத்தனை கேரட்?

அதிகம் புழங்கும் ரகத்தில் 94.4 சதவீதம் தங்கம், 4.9 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. நம் நகைக்கடைக் கணக்கில் 22 கேரட்டை விடக் கொஞ்சம் கூடுதல், ஏறக்குறைய 22.7 என்று வரும். கலப்பு மாறினால் நிறமும் மாறும். வெள்ளி கூடினால் வெளிர் மஞ்சள், செம்பு கூடினால் சிவப்பு கலந்த பொன். கியோட்டோவின் பொற்கோயிலை 1987-இல் புதுப்பித்தபோது, வழக்கத்தை விட ஐந்து மடங்கு தடிமனான ரேக்குகள் சுமார் இரண்டு லட்சம் பயன்பட்டன. தங்கத்தின் எடை இருபது கிலோ. அவை கனசாவாவில் அடித்தவை.

இப்பல்லாம் மிஷின்லதான் அடிக்கிறாங்களாமே? அப்ப அது கைவினையா?

அடிப்பது இயந்திரச் சுத்தியல்தான், உண்மை. சுமார் நூறு ஆண்டுகளாகவே அப்படித்தான். ஆனால் சுத்தியலில் இல்லை விஷயம், தாளில் இருக்கிறது. என்ட்சுகே என்ற பழைய முறையில், காம்பி என்ற செடியின் நாரில் செய்த கைத்தாளை வைக்கோல் சாம்பல் நீர், சீமைப் பனிச்சைக் காயின் கறை, முட்டை ஆகியவை சேர்ந்த கரைசலில் நனைத்து, காய வைத்து, அடித்து, மறுபடி நனைத்துப் பக்குவம் செய்வார்கள். இதற்கே மாதக்கணக்கில் ஆகும். தாள் சரியில்லை என்றால் தங்கம் விரியாது, கிழியும், பளபளப்பும் வராது. மழைக்காலத்தில் ஒரு பதம், வெயில் காலத்தில் ஒரு பதம். அதைக் கைவிரல்தான் சொல்லும், இயந்திரம் சொல்லாது.

கார்பன் பூசிய மெல்லிய தாளை வைத்து, அடுக்கை மொத்தமாக வெட்டும் புது முறையும் இருக்கிறது. கடைகளில் அதிகம் விற்பது அதுதான், விலையும் குறைவு. அதைப் போலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய கோயில்களைப் பழுது பார்க்க என்ட்சுகே ரேக்கு வேண்டும். 2020-இல் ஜப்பானிய மரக் கட்டடக் கலையின் மரபுத் திறன்களை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது இந்த முறையும் அதில் இடம்பெற்றது.

இன்னொரு சங்கதி. பல முறை அடிபட்டு ஓய்ந்த அந்தத் தாள் எண்ணெயை அப்படியே உறிஞ்சும். கெய்ஷாக்களும் நாடக நடிகர்களும் முகத்து எண்ணெயை ஒற்றி எடுக்க அதைத்தான் தேடி வாங்கினார்கள். கடைகளில் இன்று விற்கும் முகம் ஒற்றும் தாளின் பூர்வீகம் இதுதான்.

தங்க ஐஸ்கிரீம் சாப்பிட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாதே?

ஆகாது. உணவுக்கென்றே தயாரித்த ரேக்கு அது. உடம்பில் சேராது, வந்தபடியே போய்விடும். சுவையும் கிடையாது, உதட்டில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் கேட்டால் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஆனால் அதை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள், பத்தடி தள்ளி உள்ள பட்டறைக்கும் போய்ப் பாருங்கள்.

காகா யூசென்னா என்ன? கியோட்டோ யூசென்னும் அதுவும் ஒண்ணுதானே?

காகா என்பது இந்தப் பகுதியின் பழைய பெயர். இரண்டும் பட்டில் கையால் வரையும் முறைகள். அரிசிப் பசையை மெல்லிய கோடாகப் பிழிந்து ஓவியத்துக்கு வரம்பு கட்டுவார்கள். சாயம் அந்த வரம்பைத் தாண்டாது. கியோட்டோவின் விசிறி ஓவியர் மியாசாக்கி யூசென்சாய் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனசாவாவுக்கு வந்து தங்கியபின் இங்கே இது செழித்தது. முதலில் போடும் கோடுகளை ஒரு காட்டுப் பூவின் நீலச் சாற்றால் வரைவார்கள். தண்ணீர் பட்டதும் அவை மறைந்துவிடும்.

வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கியோட்டோவில் தங்க ரேக்கும் பூத்தையலும் சேர்ப்பார்கள். தங்க ரேக்கின் ஊரான கனசாவாவில் சேர்ப்பதில்லை! அவுரி நீலம், அடர்சிவப்பு, காவி மஞ்சள், புல் பச்சை, பழைய ஊதா என்ற ஐந்து நிறங்கள்தான் அடிப்படை. பூவின் நிறம் வெளிவிளிம்பில் அடர்ந்து உள்ளே போகப் போக வெளிறும். இலை ஒன்றை உற்றுப் பாருங்கள், ஓரத்தில் பழுப்பாகச் சின்னப் புள்ளி இருக்கும். பூச்சி அரித்த தடம் அது. தோட்டத்தில் இலை எப்படி இருந்ததோ அப்படியே வரைவதுதான் இவர்கள் வழக்கம்.

ஒரு கிமோனோ வாங்கிட்டு வரலாமா?

கையால் வரைந்த அசல் காகா யூசென் கிமோனோ பல லட்சம் யென் ஆகும். அதைக் குறை சொல்ல முடியாது. மாதக்கணக்கில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து செய்தது. பதிவு பெற்ற கலைஞர் தம் முத்திரையைத் துணியிலேயே இடுவார். கட்டுப்படி ஆகாது என்றால் கைக்குட்டை, சிறு சட்டமிட்ட துண்டு போன்றவை உண்டு. உடுத்திப் பார்க்க மட்டும் ஆசை என்றால் வாடகைக்கே கிடைக்கும். வாடகைக் கிமோனோ பெரும்பாலும் அச்சடித்த துணி என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

குதானி, ஓஹி ரெண்டும் பாத்திரம்தானே? எது வாங்க?

பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றே சொல்ல முடியாது. குதானி வண்ணமயம்: பச்சை, மஞ்சள், ஊதா, கருநீலம், சிவப்பு எல்லாம் தடிமனாக, கண்ணாடி போலப் பளபளக்கும். 1655 வாக்கில் குதானி என்ற மலைக் கிராமத்தில் தொடங்கி, அரை நூற்றாண்டில் நின்றுபோய், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுபடி உயிர் பெற்றது. ஓஹி அப்படியே எதிர்மாறு. 1666-இல் பிரபுவின் அழைப்பில் வந்த தேநீர் ஆசான் கூட்டிவந்த குயவரின் வழி இது. சக்கரம் கிடையாது, கையாலேயே பிடித்து, சிறு கத்தியால் சீவுவார்கள். தேன் நிற மெருகு. அந்தக் குடும்பம் இன்று பதினோராம் தலைமுறையில் இருக்கிறது.

ஓஹிக் கிண்ணத்தைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சூடான தேநீர் இருந்தாலும் கை சுடாது, உதட்டில் படும் விளிம்பு மிருதுவாக இருக்கும். தினமும் புழங்க வேண்டும் என்றால் சின்னக் குதானித் தட்டு வாங்குங்கள்.

நாமே உட்கார்ந்து செஞ்சு பார்க்க முடியுமா?

முடியும். தங்க ரேக்கு ஒட்டுவது, யூசென் கைக்குட்டைக்கு வண்ணம் தீட்டுவது, குதானியில் ஓவியம் வரைவது, பருவத்துக்கேற்ற இனிப்பு பிடிப்பது எல்லாமே ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேர வகுப்புகளாக உண்டு. முன்பதிவு செய்துவிடுங்கள். குதானிக்கு மட்டும் ஒரு சிக்கல்: வரைந்ததைச் சூளையில் சுட்டுத் தருவதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். பிள்ளைகளோடு போனால் ரேக்கு ஒட்டுவதுதான் நல்லது, அன்றே கையில் கிடைத்துவிடும்.

ஹிகாஷி சாயால கெய்ஷாவைப் பார்க்கலாமா? போட்டோ எடுக்கலாமா?

1820-இல் தேநீர் விடுதிகளுக்கென்றே ஒதுக்கிய தெரு அது. இன்றும் அங்கே தொழில் செய்யும் கலைஞர்கள் இருக்கிறார்கள், கனசாவாவில் அவர்களைக் கெய்கி என்பார்கள். அவர்கள் இரவு விருந்துகளில் ஆடிப் பாடுபவர்கள். பகலில் தெருவில் நடப்பது பெரும்பாலும் வாடகைக் கிமோனோக்காரர்கள். நிஜமான கெய்கி எதிரே வந்தால் வழிவிட்டு நில்லுங்கள். மறித்துப் படம் எடுக்க வேண்டாம், அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

ஷிமா என்ற பழைய விடுதியை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே போங்கள். வாசலில் உள்ள மரச் சட்டங்களையும் கவனியுங்கள். ஒவ்வொரு சட்டமும் வெளிப்பக்கம் அகலமாகவும் உள்பக்கம் குறுகலாகவும் சீவியது. உள்ளிருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது.

நிஞ்ஜா கோயில்ல நிஜமாவே நிஞ்ஜா இருந்தாங்களா?

இல்லை. மியோர்யூஜி என்பது அதன் பெயர், 1643-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. நான் முன்பே சொன்ன ஷோகுன் பயம்தான் இதற்கும் காரணம். வெளியே இரண்டு மாடி, உள்ளே நான்கு. 23 அறைகள், 29 படிக்கட்டுகள், மறைகதவுகள், பொறிப் படிகள். தொலைபேசியில் முன்பதிவு செய்தவர்களை வழிகாட்டியோடுதான் விடுவார்கள், விளக்கம் ஜப்பானிய மொழியில். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

நாங்க சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். காய்கறிக் குழம்பு என்றாலும் அடியில் இருக்கும் தாஷி என்ற சாறு பெரும்பாலும் காய்ந்த மீனில் எடுத்தது. "இறைச்சி, மீன், மீன் தாஷி மூன்றும் ஆகாது" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பௌத்தத் துறவிகளின் ஷோஜின் உணவு கிடைக்கும் இடங்களில் முன்கூட்டிச் சொன்னால் செய்து தருவார்கள். ஊரின் கோரோஜிமா சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சுட்டு விற்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள். தேநீரோடு வரும் இனிப்புகளில் பல, பயறும் அரிசி மாவும் சர்க்கரையும்தான். சிலவற்றில் முட்டை உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

பேரம் பேசலாமா? அசல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பேரம் பேசாதீர்கள். அங்கே வழக்கமில்லை, செய்தவரே எதிரில் நிற்கும்போது அது அவர் மனதைப் புண்படுத்தும். அசலா என்று அறிய, இதை யார் செய்தது, கையால் வரைந்ததா, அச்சா என்று நேராகக் கேட்டுவிடுங்கள், ஒளிக்க மாட்டார்கள். குதானியில் ஒரே கோடு இரண்டு தட்டுகளில் அச்சு அசலாக ஒத்துப்போனால் அது அச்சு. அரசு அங்கீகரித்த மரபுப் பொருள்களில் அதற்கான சிறு முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும்.

2024-ல பெரிய நிலநடுக்கம் வந்துச்சே, இப்ப போறது சரியா?

அந்த ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி வந்த 7.6 அளவு நிலநடுக்கத்தின் மையம் வடக்கே நோத்தோ தீபகற்பத்தில் இருந்தது. கனசாவாவில் கோட்டையின் கல்மதில்கள் சில சரிந்தன, மற்றபடி ஊர் இயல்புக்குத் திரும்பிவிட்டது. அடிபட்டது வஜிமா. அரக்குப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர் அது. காலைச் சந்தைத் தெரு எரிந்துபோனது, பல கலைஞர்கள் வீட்டையும் பட்டறையையும் சேர்த்து இழந்தார்கள்.

வஜிமா அரக்கு வேலையில் நூறு படிகளுக்கு மேல் உண்டு. மரத்தின் மெல்லிய இடங்களில் துணி ஒட்டி, அங்கேயே தோண்டிய ஒரு வகை மண்ணைச் சுட்டுப் பொடித்து அரக்கில் குழைத்து, பூசித் தேய்த்து, பூசித் தேய்த்து ஏற்றுவார்கள். மரம் கடைபவர், அடிப்பூச்சுக்காரர், மேல்பூச்சுக்காரர், பொன்தூள் ஓவியர் என்று ஒரு கிண்ணத்துக்குப் பின்னால் பல வீடுகள் இருக்கின்றன. ஒருவர் ஊரை விட்டுப் போனாலும் சங்கிலி அறுந்துவிடும். கனசாவாக் கடைகளில் வஜிமா பொருள்கள் கிடைக்கும். கிண்ணம் விலை அதிகம் என்று பட்டால் ஒரு ஜோடி உணவுக் குச்சியாவது வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் பூட்டி வைக்காமல் எடுத்துப் புழங்குங்கள், கை படப் பட அரக்கின் மெருகு கூடும். வெதுவெதுப்பான நீரில் மென்மையான துணியால் கழுவித் துடைத்தால் போதும், தேய்க்கும் நாரும் மைக்ரோவேவும் மட்டும் ஆகாது.